கோவளத்துக் கொசு

சிங்கப்பெருமாள் கோயில்,
6.1.2025

அன்புள்ள ரேணுகா அக்காவுக்கு,

தம்பி சம்பத் எழுதுவது. இங்கே நான், செல்வி, வாணன், ஒன்பது மாதத்து வெண்பா நால்வரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாமா இன்னும் விடியற்காலை பஸ்ஸுக்குத்தான் கண்டக்டராகப் போகிறாரா?

கடிதத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட வீடியோவுக்குக் கீழே, பதினாலு பேர் பார்க்க 'அறிவு கெட்டவனே' என்று எழுதினாய். பிறகு என்னை பிளாக்கும் செய்தாய். தபால்காரர் என்னை பிளாக் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்கா, நான் கம்பெனியில் பொருளைச் சோதித்து அனுப்புகிறவன். ஒரு நாளைக்கு நானூறு பிரேக் பாகங்களைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்துத்தான் விடுகிறேன். கார் பாகத்தையே அப்படிப் பார்க்கிறவன், யாரோ புட்டியில் அடைத்ததை என் மகள் உடம்புக்குள் விடுவேனா? மூன்று மாதமாக ஆராய்ச்சி செய்கிறேன். இருபத்தேழு வீடியோ பார்த்தாயிற்று. அதில் ஒருவர் வெள்ளைக் கோட்டே போட்டிருந்தார். செல்வி தாய்வீட்டில் இருந்தபோது போட்ட ஊசிகள் போனால் போகட்டும். இந்த ஒன்பதாம் மாத ஊசியும் வேண்டாம், இனி வரப்போவதும் வேண்டாம். செல்வியும் என் கட்சிதான். எங்கள் வீட்டில் இதில் இரண்டு கருத்து இல்லை.

என்னோடு வேலை செய்யும் பக்கத்து வீட்டு ஸ்டான்லி, நான் சொன்னதைக் கேட்டுத் தன் மகள் ஷாரோனுக்கும் ஊசியை நிறுத்திவிட்டான். வெளியாள் மதிக்கிறான். கூடப் பிறந்தவள் திட்டுகிறாய்.

பதில் எழுது. திட்டுவதானால் உறையில் போட்டுத் திட்டு. கார்டில் எழுதினால் தபால்காரர் படிப்பார்.

உன் தம்பி,
சம்பத்

(அதே உறைக்குள், பள்ளி நோட்டில் கிழித்த தாளில்)

அண்ணிக்கு வணக்கம். உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன் இதையும் உள்ளே வைக்கிறேன். போனில் பேச வழியில்லை. நான் பேசுவதையெல்லாம் வாணன் பக்கத்தில் நின்று கேட்டு, சாயந்திரம் ஒரு வார்த்தை விடாமல் அப்பாவிடம் ஒப்பிக்கிறான்.

நான் அவர் கட்சி இல்லை அண்ணி. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். வாணனுக்கு ஒன்றரை வயதில் ஊசி போட்ட அன்று ஜுரம் ஏறி ஃபிட்ஸ் வந்ததே, அதிலிருந்து ஊசி என்றாலே அவருக்கு ஆகாது. அதை வெளியே சொல்லமாட்டார், வீடியோ காட்டுவார். எங்கள் ஊர் சுகாதார நிலைய நர்ஸம்மா இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கெஞ்சிவிட்டுப் போனார். அந்த அம்மாவுக்கும் இவர் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். இந்த ஊசி தடுக்கிற மணல்வாரி அம்மை, அதுதான் தட்டம்மை, ஊரில் வரும் காலம். ஒரு வழி சொல்லுங்கள். பதிலை உங்கள் தம்பிதான் பிரித்துப் படிப்பார், பார்த்து எழுதுங்கள்.

தமிழ்ச்செல்வி

---

கோவளம்,
13.1.2025

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி.

கடிதம் கிடைத்தது. என் ஜெராக்ஸ் கடையில் இருநூறு உறைகள் விற்காமல் தூங்குகின்றன. உன் புண்ணியத்தில் சில செலவாகும். முட்டிவலி உட்கார்ந்தால் இல்லை. மாமா சௌக்கியம், அதே விடியற்காலை பஸ்தான்.

பதினாலு பேர் பார்க்க 'அறிவு கெட்டவனே' என்று எழுதியது தப்புதான். தனியாக எழுதியிருக்க வேண்டும். இதோ எழுதிவிட்டேன்.

ஊசியைப் பற்றி இனி உன்னோடு வாதாடுவதாக இல்லை. உன் பிள்ளை, உன் ஆராய்ச்சி. வேறு விஷயம். பொங்கல் கழிந்து 22ஆம் தேதி புதன்கிழமை செல்வியையும் வெண்பாவையும் இங்கே அனுப்பு. புதன்கிழமைதான் வரவேண்டும், அன்றைக்குத்தான் இங்கே நல்ல சுறா வரும். பால் கொடுக்கிறவளுக்குச் சுறாப்புட்டு நல்லது. செல்வியிடம் சொல், பாப்பாவுக்குக் கையில்லாத சட்டையாகப் போட்டு வரட்டும், இங்கே புழுக்கம். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வரட்டும். பிறந்த நேரம் அதில்தானே இருக்கிறது? இங்கே ஒருவர் நன்றாக ஜாதகம் எழுதுகிறார்.

வாணனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். அவன் கட்டாயம் வரவேண்டாம்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

அக்கா,
ரேணுகா

---

சிங்கப்பெருமாள் கோயில்,
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாமாவைக் கேட்டதாகச் சொல். சுறாப்புட்டு அருமை என்று செல்வி சொன்னாள். எனக்கு ஒரு டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கலாம். ஜாதகக்காரர் என்ன சொன்னார்? கேட்டால், "நல்ல காலமாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறாள்.

உன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வந்த மறுநாள் வெண்பாவுக்கு உடம்பு சுட்டது. வலது கையின் மேல்பக்கத்தில் ஒரு தடிப்பு வேறு. கேட்டதற்கு, "உங்க அக்கா ஊரு கொசுதான் கடிச்சிகிச்சு" என்கிறாள் செல்வி. என்ன கொசு அக்கா அது? பார்த்துப் பார்த்து ஒரே இடத்தில், ஒரே ஒரு கடி. கடற்கரைக் கொசு அளவில் பெரியதோ? சட்டையில் ஆரஞ்சு நிறத்தில் கறையும் இருக்கிறது. ஒன்பது மாதக் குழந்தைக்கு யார் ஜூஸ் கொடுத்தது?

ஜுரம் ஒரே நாளில் போய்விட்டது. அன்று நான் லீவு போட்டேன். பயந்து அல்ல, லீவு பாக்கி இருந்தது. தர்மாமீட்டரைப் பன்னிரண்டு முறை வைத்துப் பார்த்தேன். அதுவும் ஆராய்ச்சிக்காகத்தான்.

கொசுவலை வாங்கு.

சம்பத்

(அதே உறைக்குள்)

அண்ணி, கொசு கடித்த இடத்தில் தினமும் மஞ்சள் பத்துப் போடுகிறார். சிரிப்பை அடக்க முடியாமல் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஆனால் ஜுரம் வந்த அன்று அவர் பாப்பாவை மடியைவிட்டு இறக்கவே இல்லை. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்த ஆரஞ்சுக் கறை அங்கே புகட்டின வைட்டமின் மருந்து. தேதி குறித்த புத்தகத்தைத் துவரம்பருப்பு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

செல்வி

---

கோவளம்,
5.2.2025

அன்புள்ள சம்பத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். கோவளத்துக் கொசுக்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வலை வாங்கிவிட்டோம். ஜூஸ் விஷயம் எனக்குத் தெரியாது. ஜாதகம் நன்றாகத்தான் இருக்கிறது, பெண் திடமாக இருப்பாளாம்.

ஒன்று கேட்கிறேன். இருபத்தேழு வீடியோவைப் பற்றி எழுதினாய். வாணனைத் தோளில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாயே, அந்த நாளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இத்தனை வருஷத்தில் நீ அதைப் பேசி நான் கேட்டதே இல்லை. எழுதத் தோன்றினால் எழுது. நான் வாதாடமாட்டேன்.

வெண்பாவுக்கும் வாணனுக்கும் அத்தையின் முத்தம்.

ரேணுகா

---

சிங்கப்பெருமாள் கோயில்,
10.3.2025

அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்தானே. பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது, ஷிப்ட் மாறியது.

ஸ்டான்லி மகளுக்கு மணல்வாரி. முதலில் வெறும் ஜுரம் என்றார்கள். பிறகு மேலெல்லாம் சிவந்து, நெஞ்சில் சளி கட்டி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆறு நாளாகிறது. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

வெண்பா நன்றாக இருக்கிறாள். வெளியே தூக்கிப் போக விடுவதில்லை. ஜன்னலையும் மூடி வைத்திருக்கிறேன்.

சம்பத்

---

கோவளம்,
13.3.2025

அன்புத் தம்பி,

ஆசி. நாங்கள் நலம். உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்து நான் பார்த்ததில்லை. உள்ளே வேறு தாள் இருக்கிறதா என்றுகூடத் தேடினேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. ஸ்டான்லி திட்டினால் வாங்கிக்கொள், அடித்தால் அதையும் வாங்கிக்கொள். வீட்டில் ஒளிந்திருக்காதே.

வெண்பாவுக்கு ஒன்றும் ஆகாது. ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்று கேட்காதே. ஜன்னலைத் திற, பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

ரேணுகா

---

சிங்கப்பெருமாள் கோயில்,
20.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. நீ நலமாக இருப்பாய், உன்னைப்போல் காரியக்காரி எப்போதும் நலமாகத்தான் இருப்பாள். இந்தக் கடிதத்தை கம்பெனியில் உட்கார்ந்து எழுதி, நானே ஒட்டி, நானே போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தச் சின்னப் பெண்ணின் மூக்கில் குழாய். நான் ஆரஞ்சுப் பழப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டான்லி திட்டவில்லை. "அண்ணாத்த, நீ சொன்னன்னு வுட்டேன். நீ சொல்லலன்னாலும் சோம்பேறித்தனத்துல வுட்டிருப்பேனோ இன்னாமோ. இப்ப அத்த பேசி இன்னா? வூட்ல கீறவளுக்குப் போட்டியா? மொத அத்தப் பண்ணு" என்றான். அவன் மனைவி மார்கரெட் என் முகத்தையே பார்க்கவில்லை. ஸ்டான்லி திட்டாமல் விட்டது அதைவிட வலித்தது.

அன்றே முடிவு செய்தேன். ஆனால் எங்கள் ஊரில் எப்படிப் போவது? நர்ஸம்மாவுக்கே வீடியோ காட்டியவன். அதனால் நேற்று, ஊசி போடும் நாளான புதன்கிழமை, "கம்பெனியில் குழந்தைகள் விழா" என்று செல்வியிடம் சொல்லி வெண்பாவைத் தூக்கிக்கொண்டு திருப்போரூரில் பஸ் மாறி உன் ஊருக்கே வந்தேன். உன் கடையைத் தாண்டும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். பஸ்ஸில் என் சட்டை இரண்டு முறை நனைந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை.

சுகாதார நிலையத்து ஊசி வரிசையில் இருபது பெண்கள், நான் ஒருவன் ஆண். என் முறை வந்தது. அந்த நர்ஸ் வெண்பாவைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளினார். "அட, நீயா! ஏம்பா, இது ஜனவரிலயே போட்டுகினு போச்சே. என் கண்ணாடியப் புடுங்கி வாயில வெச்சிகிச்சு, மறக்குமா?"

"இல்லீங்க மேடம், இதுக்கு இன்னும் போடல. நான்தாங்க அப்பன். எனக்குத் தெரியாம எப்டிப் போட்டிருப்பாங்க?" என்றேன்.

பின்னால் இருந்த ஒரு அம்மா, "ஒனக்குத் தெரியாமத்தான் போட்டுகினு பூட்டாங்க நைனா" என்றதும் வரிசை மொத்தமும் சிரித்தது. நர்ஸ் நோட்டைத் திருப்பிக் காட்டினார். 22.1.2025. தாய் கையெழுத்து: தமிழ்ச்செல்வி. உடன் வந்தவர்: ரேணுகா.

உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளாகச் சோறு இறங்காமல், அவள் இருமும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்ததே, அவள் அத்தனை நாளும் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேனா என்று அந்த நர்ஸைக் கேட்காதே. பெயர் ஜாக்குலினாம். உன் ஊர்க் கொசுவின் பெயரைத் தெரிந்துகொண்டேன்.

வாணனைப் பற்றிக் கேட்டாய். ஊசி போட்ட அன்று மத்தியானம் அவன் கண் மேலே செருகி, கைகால் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் செத்துவிட்டான் என்றே நினைத்தேன் அக்கா. பைக்கை ஓட்டியது யார் என்றுகூட நினைவில்லை. போகலாம், போட்டுவரலாம் என்று அன்று காலை சொன்னது நான். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

ஒரு வேண்டுகோள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று செல்வியிடம் சொல்லாதே. ஒளித்துச் செய்ததற்காக அவள் கூசுவாள். என் மானமும் கொஞ்சம் மிஞ்சும்.

சம்பத்

---

கோவளம்,
27.3.2025

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம். ஷாரோன் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று செல்வி போனில் சொன்னாள், வயிறு குளிர்ந்தது. வாணன் அருகில் இருந்ததால் அதற்குமேல் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

உன்னிடம் ஒளித்தது தப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் மறுபடி ஒளிப்பேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் காலையில் நீ கூட்டிப் போனது சரியான காரியம். பிறகு நடந்தது உன் குற்றமில்லை.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் நீ வீடியோ அனுப்புகிறாய், கடிதத்தில்தான் பேசுகிறாய்.

ரேணுகா

---

சிங்கப்பெருமாள் கோயில்,
24.7.2025

அண்ணிக்கு வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் சுகம். வாணன் ஒன்றாம் வகுப்பு போகிறான். இது நானே எழுதி நானே போடும் கடிதம்.

இவர் முன்பு மாதிரி இல்லை. வீடியோ இல்லை, வாதம் இல்லை. மார்ச்சில் ஒருநாள் கம்பெனியில் குழந்தைகள் விழா என்று பாப்பாவைத் தூக்கிப் போனார். ஒரு பலூன்கூட இல்லாமல் திரும்பி வந்தார். அன்றிலிருந்து சாப்பிட்ட தட்டை அவரே கழுவுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

வெண்பாவுக்குப் பதினாறு மாதம் ஆகப்போகிறது. அடுத்த ஊசி. வாணனுக்கு வந்தது இதே ஊசிக்குத்தான் அண்ணி. போன தடவை தைரியமாக வந்தேன், இந்தத் தடவை எனக்கே தைரியம் வரவில்லை. அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒத்துக்கொண்டாலும் அவரால் அதை இன்னொரு முறை பார்க்க முடியாது. ஆகஸ்ட் 6 புதன்கிழமைக்கு ஏதாவது ஒரு சாக்கு எழுதுங்கள்.

செல்வி

---

சிங்கப்பெருமாள் கோயில்,
25.7.2025

அக்காவுக்கு,

நலம்தானே? மாமாவுக்கு இருமல் போயிற்றா?

பாப்பாவுக்குப் பதினாறாம் மாத ஊசி வருகிறது. வாணனுக்குப் போட்டது. போடவேண்டும் என்று புத்தி சொல்கிறது, கை வரமாட்டேன் என்கிறது. செல்விக்கு இதைச் சொல்லமுடியாது. அன்று வாணனைப் பார்த்து அவள் மயங்கி விழுந்தவள், இன்னொரு முறை தாங்கமாட்டாள். நான் மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஆகஸ்ட் 6 புதன்கிழமைக்கு ஏதாவது ஒரு சாக்கு எழுது. கம்பெனி விழா இரண்டாம் முறை செல்லாது.

சம்பத்

---

கோவளம்,
29.7.2025

அன்புள்ள சம்பத்துக்கும் தமிழ்ச்செல்விக்கும்,

ஆசி. நான் நலம், மாமாவின் இருமலும் போய்விட்டது.

இந்தக் கடிதம் உங்கள் இரண்டு பேருக்கும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். வாணனும் இருக்கட்டும், எப்படியும் அவன் ஒப்பிக்கத்தான் போகிறான்.

சம்பத், உன் மனைவி இதே புதன்கிழமைக்கு என்னிடம் சாக்குக் கேட்கிறாள். செல்வி, உன் புருஷன் இதே புதன்கிழமைக்கு என்னிடம் சாக்குக் கேட்கிறான். ஜனவரியில் நீ போட்டதை மார்ச்சில் அவன் தெரிந்துகொண்டான். எங்கே தெரிந்துகொண்டான் என்றால், அதே ஊசியைப் போட அவன் ரகசியமாக நின்ற வரிசையில். அந்த விழாவில் பலூன் ஏன் இல்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

என்னிடம் இருந்த சாக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. அவள் தாங்கமாட்டாள் என்று இவன் எழுதுகிறான், அவர் தாங்கமாட்டார் என்று இவள் எழுதுகிறாள். ஒரே பயத்தை ஆளுக்கொரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து என் தலையில் இறக்குகிறீர்கள். எனக்கே முட்டி சரியில்லை.

கோவளத்துக்கு வரவேண்டாம். உங்கள் ஊரிலேயே, உன் வீடியோவைப் பார்த்த அந்த நர்ஸம்மாவிடமே போங்கள். வாணனுக்கு நடந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சம்பத், நீயே உன் வாயால் சொல்.

ரேணுகா

---

சிங்கப்பெருமாள் கோயில்,
10.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நால்வரும் நலம். உறையை ஒட்டுவதற்கு முன் செல்வி இதைப் படிக்கப்போகிறாள், அதனால் பொய் எழுத வழியில்லை.

உன் கடிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே படித்தோம். பிறகு செல்வி, "மஞ்சள் பத்து போட்டீங்களே" என்று ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. பிறகு அழுதாள். பருப்பு டப்பாவிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை பள்ளிக்கு லீவு போட்டு வாணனையும் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்டான்லியும் மார்கரெட்டும் ஷாரோனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மார்கரெட் நகர்ந்து செல்விக்கு இடம் கொடுத்தாள். என்னோடு இன்னும் பேசவில்லை, இடம் கொடுத்தாள். நர்ஸம்மா என்னைப் பார்த்ததும், "இன்னா சார், புதுசா எதுனா வீடியோ வந்துகீதா?" என்று கேட்டார். வந்திருந்தவர்கள் எல்லார் காதிலும் விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அவரிடம் வாணன் கதையைச் சொன்னேன். முழுதாக, வாய்திறந்து முதல் தடவையாக. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "பாத்தவங்களுக்குத் தாங்கவே முடியாது சார். ஆனா அது ஜுரத்துல வர்ற ஃபிட்ஸ். பையன் நல்லாத்தானே இருக்கான்? தங்கச்சிக்கும் வரும்னு கட்டாயம் இல்ல" என்றார். ஜுரம் வந்தால் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வெண்பாவுக்குப் போட்டார்கள். தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினாள்.

நாங்கள் எழுந்தோம். வாசல்வரை வந்துவிட்டேன் அக்கா. அங்கே நின்றுவிட்டேன். செல்வி என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போய், "மேடம், இவனுக்கு அஞ்சு வயசுல போடவேண்டியது ஒண்ணு விட்டுப்போச்சு. நான்தான் விட்டேன். இன்னும் போடலாமா?" என்று கேட்டேன். வாணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அம்மாவைப் பற்றி என்னிடம் சொன்னவன், இனி என்னைப் பற்றி யாரிடம் சொல்வது என்று யோசித்திருப்பான்.

டாக்டர் அவனைப் பரிசோதித்துவிட்டு, "போடலாம்" என்றார்.

சாயந்திரம் இரண்டு பேருக்கும் ஜுரம். நூற்றொன்று. செல்வி ஒன்றை மடியில் போட்டுக்கொண்டாள், நான் ஒன்றை. சீட்டில் எழுதியபடி மருந்து கொடுத்தோம். தர்மாமீட்டரை நான் எத்தனை முறை வைத்தேன் என்று செல்வி எண்ணினாளாம், சொல்லமாட்டேன் என்கிறாள். மறுநாள் மத்தியானம் ஜுரம் இறங்கியது. இரண்டும் தயிர்சாதம் கேட்டன. வேறொன்றும் நடக்கவில்லை. 'வேறொன்றும் நடக்கவில்லை' என்று எழுத எனக்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது அக்கா.

வாணன் ஊசிக்கு அழவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை எதிரே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, "ஊசி எனக்குத்தான் போட்டாங்க, அழுதது எங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

மாமாவுக்கு வணக்கம். முட்டியைப் பார்த்துக்கொள்.

சம்பத், தமிழ்ச்செல்வி